மெசியூ பெர்சோன்

பனி இன்னும் விழவில்லை. விழுமென்று வானொலி சொல்லிவிட்டது.
அது போதும்,
மொன்றியல் முழுதும் ஒரே காலையில்
கோடை டயர்களோடு எங்கள் வாசலில்.

ழான் தலோன் தெருவில் எங்களுக்குத் தூக்கிகள் மூன்று.
வண்டி ஒன்றுக்கு நாற்பது நிமிடம்.
காலை எட்டிலிருந்து மாலை ஆறு.
அற்புதராஜா அண்ணை சிகரெட் பெட்டியின் முதுகில் பெருக்கினார்.
"நாற்பத்தஞ்சு. நாற்பத்தஞ்சையும் எழுது பிள்ளை.
சும்மா நிக்கிற தூக்கிக்கும் வாடகை நான்தான் கட்டுறன்."

எழுதினேன்.

பத்து மணிவரை எல்லாம் கணக்குப்படி.
பத்தேகாலுக்கு ஒரு மஸ்டா, பதினொரு குளிர்காலம் கண்டது.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பானாம்.
அதன் பின்சக்கரத்து நட்டு ஒன்று
வீதி உப்பையெல்லாம் தின்றுவிட்டு
எங்கள் நேரத்தைக் குடித்தது.
மமாடூ எண்ணெய் விட்டான், நெருப்புக் காட்டினான்,
வொலோஃப் மொழியில் அதன் தாயை விசாரித்தான்.
நாற்பது நிமிடம் நூற்றுப்பத்தாயிற்று.

"ஒரு வண்டிதானே" என்றார் அண்ணை.

ஒரு வண்டிதான்.
ஆனால் நிரம்பிய நாளுக்குள் புகுந்த எழுபது நிமிடம்
வெளியேற வழி தெரியாமல்
அடுத்தவர் மடிக்கு, அவருக்கடுத்தவர் மடிக்கு
தவழ்ந்துகொண்டே போகிறது,
இரவு ஒன்பதுவரை.

மாலை வகுப்பில் எனக்குப் பிடித்திருந்தது ஒரேயொரு சூத்திரம்.
உள்ளே எத்தனை நிற்கிறது என்று கேட்டால்
மணிக்கு எத்தனை வருகிறது, எத்தனை மணி தங்குகிறது,
பெருக்கிப் பார்.
மணிக்கு நாலரை வண்டி
(அரை வண்டி கணக்கில் மட்டுந்தான் ஓடும்)
இரண்டு மணி தங்கினால் ஒன்பது. முற்றம் கொள்ளும்.
நான்கு மணி தங்கினால் பதினெட்டு.
மிச்சம் ஒன்பதும் பேருந்துத் தரிப்பில் நிற்க,
முகம் பார்க்காமல் தண்டம் எழுதிக்கொண்டே போனாள் ஒரு பொலிஸ்காரி.
இரவு வேலைக்குப் போகவேண்டிய தாதி, மதாம் பூலான்,
எங்கள் நாற்காலியில் சீருடையோடு நித்திரையாகியிருந்தாள்.
ஒன்பது பேர் சொல்லாமல் எதிர்க்கடைக்குப் போனார்கள்.
நாற்பத்தைந்து எழுதிய நாளில் முடிந்தது முப்பத்தாறு.

அன்றிரவு தனியே இருந்து மென்பொருளைத் திறந்தேன்.
வெறுங்கட்டத்தை அது பொறுக்காது, சிவந்து கத்தும்.
பெயர் கேட்டது.
பெர்சோன் என்று அடித்தேன்.
பிரெஞ்சில் அது ஆள். சிலவேளை
ஆளில்லை.
தொலைபேசி கேட்டது. கடை இலக்கத்தையே கொடுத்தேன்.
வண்டியின் நிறம்: சாம்பல்.
நாளுக்கு ஆறு இடம்.

பிறகும் வந்தன துருப்பிடித்த நட்டுகள்.
பூட்டுநட்டின் சாவியைத் தொலைத்த பேராசிரியர் வந்தார்,
தவறான அளவில் டயர் வாங்கிய புதுமாப்பிள்ளை வந்தார்.
பெர்சோன் தன் இடத்தை ஒவ்வொருவருக்காய் விட்டுக்கொடுத்தார்,
ஒரு முனகல் இல்லை.
முப்பத்தொன்பது வண்டி.
ஆறரைக்குக் கதவு பூட்டினோம்.

வியாழன் பின்னேரம் அண்ணையின் கண்ணாடி
திரையில் வந்து குனிந்தது.
"ஆர் இந்தப் பெர்சோன்? நாளுக்கு ஆறு தரம் பதியிறார்,
ஒருக்காலும் வாறேல்லை. மரியாதை தெரியாத மனுசன்."
நான் வாய் திறக்குமுன்
தன் கைத்தொலைபேசியில் இலக்கத்தை அழுத்திவிட்டார்.

என் மேசையில் மணி அடித்தது.

வேறென்ன செய்ய?
"பொன்ஜூர், அற்புதம் டயர்" என்றேன்.
இரண்டடி தள்ளி, அவர் காதுக்குள்ளும் என் குரல்.

அண்ணை என்னைப் பார்த்தார்.
கைகளைக் கீழே போட்டபடி நின்ற இரண்டாம் தூக்கியைப் பார்த்தார்.
அதன் ஓரமாய் இருந்து, மீனும் சோறும்
இந்த மாதத்தில் முதல்தரம் சூடாகச் சாப்பிடுகிற மமாடூவை.
வாசலில் நான்கு விளக்கும் மின்ன
காற்றிறங்கிய டயரோடு ஒரு பள்ளிக்கூட வான் நொண்டிக்கொண்டு திரும்பியது.
மமாடூ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

அண்ணை அழைப்பைத் துண்டிக்கவில்லை.
தொண்டையைச் செருமினார்.
"மெசியூ பெர்சோன்," என்றார் என் காதுக்குள்,
"நாளைக்கு வெள்ளி.
ஏழு இடமாய் எடுங்கோ."