கடைசியாக உள்ளே போனவர்

கிருனாவில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். பெயர் இல்வா.
முப்பத்தெட்டு வயதில், மூன்றாம் முறையாக,
கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியவள்.
முடிவு நேற்றே வந்துவிட்டது.
திறந்தது இன்று அதிகாலை நாலரைக்கு,
எஞ்சின் சூடேறக் காத்திருக்கையில்:
1.05.

சரியான விடைகள் தொண்ணூற்றாறு.
வசந்தத்தில் தொண்ணூற்றொன்பது. அதற்குக் கொடுத்தது 1.00.
மூன்று குறைந்து மதிப்பு ஏறியிருக்கிறது.
"தப்பாகப் போட்டிருப்பார்கள், பேசாமல் இரு" என்றான் தூரே,
டீசல் கையோடு ரொட்டியைக் கடித்தபடி.

தப்பில்லை தூரே.
இம்முறை தாள் கடினம், எல்லோருக்கும்.
என்னை அளந்தது தாள் மட்டுமல்ல,
அதே சனிக்கிழமை மால்மோவிலும் ஹாப்பரண்டாவிலும்
பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள்.
அவர்கள் சறுக்கிய இடத்தில்
நான் சற்று குறைவாகச் சறுக்கியிருக்கிறேன்.

இந்த ஊரில் இருப்பவளுக்கு அது புரியும்.
சுரங்கத்துக்கு வழிவிட்டு இடம் மாறும் ஊர்.
தேவாலயத்தையே சக்கரங்களில் ஏற்றி நகர்த்தினார்கள்.
பார்க்கப் போயிருந்தேன்.
சிவப்புச் சுவர் நகர்ந்ததா, நான் சாய்ந்தேனா,
ஒரு கணம் தெரியவில்லை.
பக்கத்துக் கிழவரின் தொப்பியைப் பார்த்து முடிவு செய்தேன்.

ஐந்து பகுதிகளில் ஒன்று கணக்கில் சேராது.
அடுத்த வருடக் கேள்விகளை நம்மேல் உரசிப் பார்ப்பார்கள்.
எது என்று எழுதும்போது சொல்லமாட்டார்கள்.
அன்று நான் நன்றாக எழுதியது நாலாவது.
அதுதான் சேராமல் போனது.

மதிப்பெண் எட்டு வருடம் செல்லும்,
பலமுறை எழுதினால் சிறந்தது ஒன்றையே எடுப்பார்கள்.
ரூனாரோடு நான் வாழ்ந்ததும் எட்டு வருடம்.
அவன் இப்படிக் கணக்கு வைத்ததே இல்லை.

இடது காது எஞ்சினுக்குப் போய்விட்டது.
மீதிப் பேரின் காதுகளையாவது பார்க்கலாமே என்று
ஓரெப்ரூவில் செவியியல் படிக்க விண்ணப்பித்தேன்.
போன வருடம் அங்கே தேவைப்பட்டது 1.05.
அதை ஒரு வாசற்படி என்றே நினைத்திருந்தேன்,
யாரோ அளந்து, சிமென்ட் பூசிக் கட்டிய உயரம்.
இன்றுதான் அடிக்குறிப்பைப் படித்தேன்:
உள்ளே போன கடைசி ஆளின் மதிப்பெண் அது.

ஆள்.
கதவு சாத்தும் நேரத்தில் ஒரு தோளை நுழைத்தவர்.
அவருக்கும் ஒரு தூரே இருந்திருப்பானா?
இப்போது வகுப்பில் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்?
தன் எண்ணைச் சுவராக நினைத்து
வடக்கே ஒருத்தி இரண்டு வருடம் முட்டிக்கொண்டது
அவருக்குத் தெரியுமா?

இந்த வருடக் கடைசி ஆள் யாரென்று ஜூலையில் தெரியும்.
சமமாக நின்றால் குலுக்கல்.

எஞ்சின் சூடாகிவிட்டது.
சாலை எங்கே முடிகிறது என்று காட்ட
ஓரத்தில் ஆரஞ்சுக் கம்புகள்.
மழைக்காலத்தில் யாரோ நட்டுவிட்டுப் போனவை.
மூன்றாவது கம்பு சாய்ந்திருந்தது.
இறங்கி நிமிர்த்தினேன்.
நேராக நிற்கிறதா என்று பார்க்க
பக்கத்தில் வேறொன்றும் இல்லை, நாலாவது கம்பைத் தவிர.