வாய்ச்சூடு

அக்கினி நட்சத்திரம்.
திருமங்கலம் ரயில்வே கேட்டில்
தார் ரோடு செருப்பைக் கவ்விப் பிடித்தது.
பிள்ளைக்கு மூன்றாம் நாள் காய்ச்சல்.
கம்பவுண்டர் கொடுத்த ஊசிமருந்துக் குப்பியை
என் வீட்டுக்காரர்
வெற்றிலை போலக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"என்ன செய்றீங்க?"
பதில் இல்லை.
வாய்க்குள் மருந்து இருந்தது.

கொரியாவுக்கு ஸ்ட்ரெச்சர் தூக்கப் போனவர்.
கால்விரல் பத்தோடு போனார், ஏழோடு வந்தார்.
மீதி மூன்று எங்கே என்று யார் கேட்டாலும்
"பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்பார்.
பாலத்தை நம்மவர்களே வெடிவைத்துத் தகர்த்தார்களாம்.

ஒரே ஒரு ராத்திரி,
கூட்ஸ் வண்டி கேட்டைக் கடக்கிற இரைச்சலுக்குள்
கொஞ்சம் சொன்னார்.
மலைமேல் ஊதுகொம்பு.
அதைக் கேட்டவன் ஓடலாம்,
தூக்குகிறவன் எப்படி ஓடுவான்?
மருந்து கல்லாய் உறைந்துவிடுமாம்.
வாயில் அடக்கி இளக்கித்தான்
அடிபட்டவன் தொடையில் ஏற்ற வேண்டுமாம்.
கடைசியாக ஒருத்தன்,
பேரும் தெரியாது, பாஷையும் தெரியாது.
"மருந்து இளகிருச்சு.
அவன்தான் இளகலை."
வண்டி போய்விட்டது.
பேச்சும் நின்றுவிட்டது.

இப்போது குப்பியை எடுத்து
வேட்டி முனையில் துடைத்துக் கம்பவுண்டரிடம் நீட்டினார்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் சுவரைப் பார்த்தேன்.

பிள்ளையின் நெற்றியை இவர் தொடவில்லை.
பாதத்தைப் பிடித்து,
சுண்டுவிரல்வரை ஒவ்வொன்றாய் அழுத்தி,
"கொதிக்குது" என்றார்.
கொதிக்குது, கொதிக்குது என்று
சிரித்தார்.

காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்த்து
அப்படிச் சிரித்த தகப்பனை
நான் வேறெங்கும் கண்டதில்லை.