காற்று பார்த்து

நீடாமங்கலம் தாண்டி வரப்பில்
ட்ரோனை இறக்கிவிட்டு
சன்ஸ்கிரீன் ஸ்ப்ரேயை எடுத்தேன்.
ஒரே அழுத்து.
பாதி கோரையாற்றுப் பக்கம் போயிற்று
மீதி என் வாய்க்குள்.
கசப்பு.

காலையிலிருந்து ஏழு ஏக்கர் குறுவைக்கு
காற்று திரும்பினா நிறுத்து, நிறுத்து என்று
செல்வமேரியை விரட்டியவள் நான்தான்.

அவள் சிரிக்கவில்லை.
மருந்துக் கேனை மூடியபடி
"கையக் கழுவுங்க முதல்ல" என்றாள்.

கழுவினேன், சோப்புப் போட்டு.
காற்றுக்கு முதுகு காட்டி நின்று
உள்ளங்கையில் அடித்து
முகத்தில் இழைத்தேன்.
கைகளில் ஈரம் மினுங்கும்வரை அடித்து, தேய்த்து,
காதுமடல், பின்கழுத்து,
செருப்பு வார் மறைக்காத புறங்கால்.

இரண்டு மணி நேரத்தில்
வேர்வை எல்லாவற்றையும் அழித்திருந்தது.
தொட்டி நிரம்புவதற்குள் மறுபடி எடுத்தேன்.

"என்ன விலைங்க மேடம்?"
சொன்னேன்.
"ஒரு நாள் நடவுக்கூலி" என்று
முக்காட்டை
இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டாள்.