ஹோன் அடிக்காத வேன்

எங்கள் கதவடியிலிருந்து கடல் அறுநூறு அடி.
கடலுக்குப் போக வேன் என்னத்துக்கு என்று
கேட்காதவர் இந்த ஒழுங்கையில் இல்லை.
நிந்தவூர்க் கடலுக்கு என்ன குறை?

குறையொன்றுமில்லை.
மீன் ஏலம் கூறுகிறவரின் தொண்டை இருக்கிறது.
ஐஸ் லொறி பின்னுக்கு வரும்போது
அது பாடுகிற பாட்டு இருக்கிறது.
தோணி எஞ்சின் எட்டு,
பின்னேரம் பந்தடிக்கும் பொடியன்மார் நாற்பது.

நுஸ்கிக்கு ஏழு வயது.
உள்ளங்கை இரண்டும் காதில் ஒட்டியே பிறந்தவன்போலத் திரிகிறான்.
குக்கர் விசிலடித்தால் கட்டிலுக்குக் கீழே போவான்,
வெளியே வர அசர் ஆகும்.
கல்யாண வீடுகளுக்கு நாங்கள்
வாசல்வரைக்கும்தான்.

ஆளில்லாத ஒரு கரை வேணும் என்றேன்.
குடும்பம் கூடிற்று.
பாசிக்குடா என்றா பஸ்மியா ராத்தா.
பள்ளிக்கூட பஸ் பத்து நிற்கும் என்றேன்.
அறுகம்பை என்றான் இர்பாத்.
அங்கே அலைக்கு மேலே பாட்டுப் போடுகிறார்கள்.
ஒலுவில்? கல்லு.
மறுகா எங்கதான் போற என்று எல்லோரும் தேத்தண்ணியைப் பார்த்தார்கள்.

முபாறக் மச்சானுக்குத்தான் ஞாபகம் வந்தது:
கோமாரிக்கு இந்தப் பக்கம்,
பனையும் பற்றையும் தாண்டி,
நெல்லு ஏற்றப் போன வருஷம் ஒண்ணுக்கிருக்க இறங்கிய இடம்.
ஞாயிறு சுபஹோடு மோட்டார் சைக்கிளில் போய்
அந்த இடத்தைப் போனில் பிடித்து வந்தார்.

ரெண்டு நிமிஷம், பதினொரு செக்கன்.
மணல். ஓடுகிற நண்டு. ஒற்றைச் செருப்பு.
அலை வருகிறது, போகிறது,
யாருக்கும் ஒன்றும் சொல்ல வராத மாதிரி.
நாங்கள் படத்தைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தோம்.
மடியிலேயே கிடந்தது.
கடைசியில் மச்சான் சைக்கிளை உதைத்தார்,
அதுவும் பதிவாகியிருந்தது.
கை எழும்பிற்று.

ஆகவே முடிவு:
வேன் தார் றோட்டிலேயே நிற்கும்.
மிச்சம் கால் மைல் நடை.
மாமியின் முழங்காலுக்கு?
பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி ரெண்டு பேர் தூக்கலாம் என்றான் இர்பாத்.
"என்னைச் சந்தூக்கில கொண்டுபோற நேரம் வரும், அப்ப தூக்குங்க.
இப்ப நான் நடப்பன்."
கதிரை வருகிறது, வெறுங்கதிரையாக.

வேன்காரர் கலந்தர் பதினாறாயிரம் கேட்டார்.
பதினாலுக்கு வந்தார். பிறகு நான் சொன்னேன்:
"ஹோன் அடிக்கக் கூடாது."
"மாடு நிண்டா?"
"நிப்பாட்டி, இறங்கிக் கலைக்கணும்."
"தாண்டியடிக்கு அங்கால யானை நிண்டா?"
யோசித்தேன்.
"அதுக்கும் அடிக்காதீங்க."
பதினாறாயிரமே ஆகிற்று.

ஸுமையா மட்டும் என்னை அடுப்படிக்குள் இழுத்து,
மெய்யாகவே அங்கே ஆளில்லையா என்றாள்.
ஒருத்தரும் இல்லை.
"அப்ப நான் கழுத்துவரை இறங்குவன்."
முப்பத்தெட்டு வயது அவளுக்கு.
கரண்டைக்கு மேலே கடல் தொட்டதில்லை.
மாற்றுச் சல்வார் ஒன்று என்று எழுதிக்கொண்டேன்,
துவாய், சீனிச்சம்பல் போத்தல்,
குடிதண்ணீர் பெரிய கேன் இரண்டு,
அதையெல்லாம் கால் மைல் தூக்க யார் என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

வெள்ளி இரவு.
அறைக்குள் போன் இன்னும் அவனிடம்.
அலை வருகிறது, போகிறது.
ஒன்று ஐம்பதில் விரல் போகிறது,
சைக்கிள் உறுமுமுன்னமே
மறுபடி முதல் நண்டு.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குக்கரை மேல் தட்டில் ஏற்றிவிட்டேன்.
இறைச்சி சட்டியில், குறைந்த நெருப்பில்,
மூன்று மணித்தியாலமாக.
குத்திப் பார்க்கிறேன்.
இன்னும் றப்பர்தான்.
இன்னொரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி
மூடியை மெல்ல வைக்கிறேன்.