இருபது புள்ளி ஒன்பது

மூன்று இரவாய் அலறியதாம்.
கோத்தகிரிக்கு மேலே தேயிலைத் தொழிற்சாலையின் பின்கட்டில்
பொட்டலங்களுக்குள் நைட்ரஜன் ஊதுகிற அறை.
முதல் பேருந்தில் ஏறி, காதடைத்து, நான் வந்து சேர்ந்தபோது
சைரனின் வாயில் பழைய ஸ்வெட்டர் ஒன்றின் கையைத் திணித்து
மேலே டேப் ஒட்டியிருந்தார்கள்.
கீழே திரையில் சிவப்பாய்: 16.8.

ஜன்னல் மூன்றும் திறந்து கிடந்தன.
சிலிண்டர்களின் கழுத்தில் சோப்பு நுரை தடவினேன்;
ஒரு குமிழிகூட எழவில்லை.
"அப்ப காத்து எங்கதான் போகுது?" என்றார் ஃபிட்டர் பெள்ளி.
எடைத்தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் செபஸ்தியம்மாள்,
"எங்கயும் போகல. நாங்க மூச்சு விட்டுக்கிட்டுதான இருக்கோம்."

நாலு திருகு. மூடி கையோடு வந்தது.
உள்ளே எல்லாமே சின்னது:
கட்டைவிரல் பருமனில் ஒரு செல்,
அதன் முகத்தில் வெங்காயத் தோல்போல் சவ்வு,
சவ்வுக்குப் பின்னே காரநீரில் ஊறும் ஈயம்.
வருகிற காற்றுக்குத் தன்னையே தின்னக் கொடுத்து
இரண்டு வருடத்தில் தீர்ந்துபோகும்.
வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்
உறையைக் கிழித்த அன்றே அதற்கு வயது ஏறத் தொடங்கிவிடும்.
அது தரும் எறும்புக்கடி மின்சாரத்தைப் பெருக்கி
இரண்டே கம்பியில் அனுப்பிவைக்கும் பச்சைப் பலகை.
பலகையின் ஓரத்தில் இரண்டு பித்தளைத் திருகு,
ஒன்று பூஜ்யத்துக்கு, ஒன்று ஸ்பானுக்கு.

முதலில் பூஜ்யம்.
செல்லுக்குத் தொப்பி மாட்டி நைட்ரஜனைத் திறந்தேன்.
பதினொன்று, நாலு, ஒன்று,
சுழியருகே நின்று ஒருமுறை நடுங்கியது.
மீட்டரில் நாலு மில்லி ஆம்பியர்.
"ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்கு நாலு?"
கம்பி அறுந்தால்தான் அண்ணே வெறும் சுழி.
ஒன்றுமில்லை என்று சொல்லவும் உயிர் வேண்டுமே.
சொன்ன பிறகு எனக்கே கூச்சமாகி
ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

தொப்பியைக் கழற்றி மலைக்காற்றைக் காட்டினேன்.
16.8. மறுபடியும் 16.8.
அப்போதுதான் பெட்டியின் அடியில் மடிந்திருந்த தாளைப் படித்தேன்,
சரிபார்த்த இடம்: எண்ணூர்.

பங்கு எங்கும் ஒன்றுதான், நூற்றில் இருபத்தொன்று, அங்கும் இங்கும்.
இந்தச் செல்லோ பங்கை எண்ணுவதில்லை.
சவ்வின்மேல் காற்று எவ்வளவு பாரமாய்ச் சாய்கிறது, அதுதான் தெரியும்.
ஆறாயிரம் அடியில் காற்று லேசாகத்தான் சாய்கிறது.
நாம் வெளியே விடுகிற மூச்சுக்கும் ஏறக்குறைய இதே எண்தான்.
கடலோரத்தில் படித்துவந்த கருவிக்கு
இந்த மலை, காரட் பாத்தியும் மூடுபனியும் பள்ளிக்கூட மணியும் சேர்த்து,
யாரோ இழுத்து விட்ட மூச்சு.

ஸ்பான் திருகை வலமாக, மயிரிழை மயிரிழையாக.
17.9. 19.2. பத்தொன்பதரை தாண்டியதும் சிவப்பு அணைந்தது.
21.3, கை மிஞ்சிவிட்டது. திரும்ப ஓர் இழை.
20.9.
மீட்டரில் பதினேழு புள்ளி மூன்று எட்டு.

"இப்ப காத்து கூடிருச்சா?"
இல்லக்கா, காத்து அதேதான்.
"அப்ப அதுகிட்ட பொய் சொல்லிட்டீங்க."
அழுத்தம், விகிதம் என்று வாயெடுத்தேன்.
அவளுக்கு இருமல் வந்தது. முடியட்டும் என்று நின்றேன்.
அது முடிய நேரமாயிற்று.
கேட்டிலிருந்து நாற்பது படி ஏறியதில் எனக்கும் இன்னும் இளைத்தபடிதான் இருந்தது.

திருகு நகராதிருக்க அரக்கு வைக்க வேண்டும்; கொண்டுவர மறந்துவிட்டேன்.
யாரிடமோ வாங்கி அவளே நகப்பூச்சு நீட்டினாள்.
ஊதா. ஒரு சொட்டு போதும்.

சான்றிதழில் உயரத்துக்கென்று கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
இந்த ஊருக்குச் சரிசெய்தது. கீழே கொண்டுபோக வேண்டாம்,
இருபத்தைந்துக்கு மேல் பிதற்றும்.

பெள்ளி டேப்பைக் கிழித்து ஸ்வெட்டர் கையை உருவினார்.
மூச்சைப் பிடித்து, நெஞ்சு வலிக்கும்வரை வைத்திருந்து,
செல்லின் முகத்தில் மெல்ல ஊதினேன்.
எண் சரிந்தது.
அலறியது பாருங்கள்,
எடைத்தட்டில் தேயிலை குதிக்க.