எட்டாம் தேதிக்கு முன்

தோ பாயோவில் பேருந்துக்கு நின்றபோது
இரட்டைப் பெயர்களை நீக்கவா என்று
போன் கேட்டது.
பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே
தலையாட்டுகிற மாதிரி
படிக்காமல் சரி என்றேன்.

நானூற்றுப் பதினொரு பேர்.
பேருந்து வருவதற்குள் போய்விட்டார்கள்.

ஏர்கான் கழுவுகிறவனுக்கு
ஆள் பெயர் எங்கே நிற்கும்?
நான் எழுதி வைத்திருந்ததெல்லாம்
புளோக் 148 சொட்டும்.
புளோக் 92 நாய்.
பீஷான் மேடம், செருப்பை வெளியே.
காசு பிறகு. இந்தப் பெயரில் மட்டும் மூன்று பேர்.

அன்று காலை முழுக்க
வெறும் எட்டு இலக்கங்கள் என்னைக் கூப்பிட்டன.
ஒரு இலக்கம் சொன்னது,
"அங்கிள், இன்னும் சொட்டுது."
எந்த வீடு என்று கேட்க வெட்கம்.
குரலை வைத்து ஊகித்து
வாளியோடு ஏறிப்போய் ஒரு மணியை அடித்தேன்.
அங்கே எதுவும் சொட்டவில்லை.
கதவைத் திறந்த கிழவர்
என் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்.

காப்பிக்கடைக்கு அடுத்த கடையில் ஹஃபீஸ்
யாருடைய திரைக்கோ உறை ஒட்டிக்கொண்டிருந்தான்.
நீர்க்குமிழியை அட்டையால் ஓரத்துக்குத் தள்ளியபடி
"அழிச்சது உடனே அழிஞ்சிடாது, அங்கிள்,
முப்பது நாள் இருக்கும்" என்றான்.
"எந்த நாளுக்குப் போகணும்?
பத்து நிமிஷம் முன்னாடி. நேற்று. போன வாரம்.
இல்லைன்னா நீங்களே ஒரு தேதி."

நேற்று போதும்.
நேற்றில் எல்லாரும் இருந்தார்கள்,
ஒருவனைத் தவிர.

பதினொரு வருஷம் என் ஏணியின் அடிக்காலைப் பிடித்தவன்.
நோவீனா காண்டோ வேலையை
எனக்குச் சொல்லாமல் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவன்.
எட்டாம் தேதி ராத்திரி
லிஃப்ட் ஆறாவது மாடியைத் தாண்டுவதற்குள்
அவனை அழித்தேன்.
போன் அப்போதும் கேட்டது, உறுதியா என்று.
அந்தக் கேள்வியை மட்டும் முழுசாகப் படித்தேன்.

"ஏழாம் தேதி" என்றேன்.

ஹஃபீஸ் நிமிர்ந்து பார்த்தான்.
"அவ்வளவு தூரமா?
அதுக்குப் பிறகு சேர்த்தவங்க எல்லாம் போயிடுவாங்க."
இரண்டு புது வீடுகள்.
ஒன்றில் நாலு ஏர்கான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை.
போகட்டும் என்றேன்.
ஏன் என்றேன் என்று இன்னும் தெரியவில்லை.

வட்டம் சுற்றியது.
புளோக் 148 வந்தது, நாய் வந்தது,
காசு பிறகு மூன்று பேரும் வந்தார்கள், காசு வரவில்லை.
ச வரிசையில்
சந்தியாகு ஏணி.

இதோடு முடியும் என்று நினைத்தேன்.
பதினைந்து வெள்ளியை எடுத்து வைக்கும்போதுதான்
எடுக்காத அழைப்புகளின் பட்டியல்
கண்ணெதிரே மாறியது.
மோசடிக்காரன் என்று நான் விட்டுவிட்ட ஓர் எண்,
ஆளில்லாமல் சிவப்பாய்க் கிடந்த அதே எண்,
ஏழு இடத்திலும் பெயர் பூண்டது.
பத்தாம் தேதி மதியம் சந்தியாகு ஏணி.
பதிமூன்று, சந்தியாகு ஏணி, இரண்டு முறை.
கடைசியாகப் பத்தொன்பது,
விடியற்காலை நாலு பத்துக்கு.

அதற்குப் பிறகு ஒன்பது நாள்.
ஒன்றும் இல்லை.

நாலு பத்துக்கு ஒருவன்
காண்டோ கணக்குப் பேசவா கூப்பிடுவான்?

வெளியே வந்தேன். உடனே போன் அடித்தது,
நெஞ்சு ஒரு படி தவறி இறங்கியது.
புளோக் 148 சொட்டும்.
"அங்கிள், மெத்தை நனையுது, எப்போ வர்றீங்க?"
ஒரு பாத்திரம் வையுங்கள் மேடம் என்றேன்,
பெரிய பாத்திரமாக.

அப்புறம் ச வரிசைக்குப் போனேன்.
விரல் ஈரமாயிருந்ததால் திரை முதலில் கேட்கவில்லை,
சட்டையில் துடைத்து மறுபடி தொட்டேன்.

அங்கே மணி அடிக்கிறது.
வாளியைக் கீழே வைத்தேன்.
அடிக்கிறது.