கோழிக்கூட்டின் உயரம்

போர் முடிந்த மறுவருஷம்
ஐம்பது டாலருக்கு ஒரு விமானம் வாங்கினார் அப்பா.
பறக்க அல்ல. சக்கரத்துக்காக.
அந்த வருஷம் சஸ்காச்சுவான் முழுக்க அலைந்தாலும்
நல்ல ரப்பர் கிடைக்காது.
டாங்கியில் மிச்சமிருந்த பெட்ரோலே
பாதி விலையை அடைத்துவிட்டதென்று
சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மூடிய பயிற்சித் தளம். முக்கோணமாய் மூன்று ஓடுபாதைகள்.
நடுவே மஞ்சள் மஞ்சளாய் ஆன்சன் விமானங்கள்,
சந்தையில் விலைபோகாத மாடுகள் மாதிரி
ஒரே பக்கம் பார்த்து நின்றன.
இறக்கைகளை அங்கேயே ரம்பத்தால் அறுத்தார்.
உள்ளே மரம். ஸ்ப்ரூஸ் வாசனை.
"நம்ம களஞ்சியத்தைவிட நல்ல பலகை" என்றார்
உக்ரேனிய மொழியில், ஏலக்காரனுக்குப் புரியாதபடி.

பதினோரு மைல், இரண்டு குதிரைகள்,
வால் முன்னால் வர இழுத்து வந்தோம்.
வேலியோரம் நின்ற ஓட்டோ ஷ்மால்ட்ஸ்
தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.
சாயங்காலம் வந்து
திசைகாட்டியிலிருந்த ஆல்கஹாலை
ரொட்டித் துண்டில் வடிகட்டிக் குடித்துவிட்டு
இரண்டு நாள் வடக்கு எதுவென்று தெரியாமல் கிடந்தார்.

சக்கரம் வண்டிக்கு.
கம்பி வேலிக்கு.
கண்ணாடி அம்மாவின் தக்காளி நாற்றுக்கு.
மிஞ்சிய உடம்பில் கோழிகள்.
வழி கணக்கிடுபவனின் மேசையில்
ஒரு வெள்ளைக் கோழி மட்டும் முட்டையிடும்,
மற்றதை அண்டவிடாது.

சக்கரத்தை மேலே மடக்க ஒரு கைப்பிடி,
நூற்றைம்பது சுற்று.
சக்கரமே இல்லாத விமானத்தில்
தம்பி வாஸில் தினமும் புறப்பட்டான்,
தினமும் நூற்றைம்பது சுற்றினான்.
பள்ளிக்கூடம் போகுமுன்பே எண்ணத் தெரிந்துவிட்டது அவனுக்கு.

ஒரு கருவி மட்டும் சாகவில்லை.
உயரமானி.
காற்றின் அழுத்தம் குறைந்தால்
மேலே போகிறோமென்று நம்பிவிடும் அப்பாவி.
புயலுக்கு முன் அதன் முள் ஏறும்.
அம்மா முட்டை எடுக்கக் குனிவாள், பார்ப்பாள்,
உள்ளிருந்தே கத்துவாள்:
"நானூறு அடியில இருக்கோம், துணிய எடுங்க!"
வானொலி தப்பும். பராஸ்கா ஹ்னாட்யுக் தப்பமாட்டாள்.
அறுவடைக்கு மூன்று நாள் இருந்த ஓர் ஆகஸ்டில்
முள் எண்ணூறைத் தொட்டது. பிறகு ஆலங்கட்டி.
எண்ணூறு அடி உயரத்தில் நின்று
எங்கள் கோதுமை தரையோடு படுப்பதைப் பார்த்தோம்.

சுண்ணாம்பு அடிக்கக் கூட்டைச் சுரண்டியபோதுதான்
மேசைக்கடியில் பென்சில் எழுத்தைக் கண்டேன்.
வடமேற்குக் காற்று, இருபத்திரண்டு.
ஒரு கழித்தல் கணக்கு.
கீழே: மறுபடியும் வாந்தி. டீக்கினிடம் சொல்லாதே.
பெயர் இல்லை.
கணக்கைப் பள்ளி நோட்டில் போட்டுப் பார்த்தேன்.
கடன் வாங்க மறந்திருந்தான்.
பதினேழு மைல் தெற்கே விலகியிருப்பான்.
தெற்கே என்ன, கோதுமை. இன்னும் தெற்கே போனாலும் கோதுமை.
ஓட்டோவிடம் காட்டிச் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
அவருடைய அக்கா ப்ரெமனில் இருந்தாள் என்பது
எனக்கு அப்போது தெரியாது.
இந்தப் பையன்கள் இங்கே பழகிவிட்டு
எங்கே போனார்கள் என்றும்
நான் யோசித்ததில்லை.

தளத்தில் இப்போது மைசூர்ப் பருப்பு விளைகிறது.
ஓடுபாதை வெடிப்புகளில் அணில்கள் வளை தோண்டுகின்றன,
ஞாயிறுகளில் பிள்ளைகள் கார் ஓட்டப் பழகுகிறார்கள்.
கூடு இற்றுப்போய் அடுப்புக்குப் போனது.
உயரமானி என் சமையலறைச் சுவரில்.

"தப்பாகக் காட்டுகிறது, குமிழைத் திருகினால் சரியாகிவிடும்"
என்கிறான் மருமகன். அவன் பொறியாளன்.
தொடாதே என்றேன்.
அதைக் கடைசியாகத் திருகியவன்
அந்த ஓடுபாதையின் ஓரத்தில் உட்கார்ந்து
தரையைச் சுழியம் என்று வைத்தான்.
அங்கிருந்துதான் எங்களை அளந்துகொண்டிருக்கிறோம்,
அம்மா, நான்.

இன்று முந்நூற்று இருபது.
துணி வெளியே கிடக்கிறது.